இரண்டாவது தரை

மகளிர் பிரிவாம். எந்த மகளிர், எந்தப் பிரிவு? பதினொரு ஆம்பளைகள், நான் ஒருத்தி. ஒருத்தியை எங்கே பிரிப்பார்கள்? இடுப்புக்கு மேலே செயலாளர், இடுப்புக்குக் கீழே மகளிர் பிரிவா?

நஸீஹா இதில் ஒரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெராக்ஸ் சூடு ஆறாத ஆண்டறிக்கையை மடியில் வைத்து, மூன்றாம் பக்கத்தின் நடுவில் விரலை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள். விரலுக்குக் கீழே அந்த வரி இருந்தது. ‘சென்ற அக்டோபரில் கழகத்தின் மகளிர் பிரிவு மேற்கொண்ட துப்புரவுப் பணியில் நேர்ந்த கவனக்குறைவால் முதல் தரையின் ஒரு பகுதி சேதமுற்றது.’

தபால் ஆபீசுக்கு மேலே இருந்த அந்த அறையில்தான் வாத் கஸப் ஊரின் தொல்பொருள் கழகம் ஒன்பது வருடமாகக் கூடிவருகிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, வீட்டில் குஸ்குஸ் சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்து, நாலு மணிவாக்கில் ஒவ்வொருவராகப் படியேறி வருவார்கள். சுவரோரம் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். தக்காளிக்குப் பதில் அவற்றில் பானை ஓடுகள். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த வயல், எந்தத் தேதி, எத்தனை ஓடு என்று எழுதி ஒட்டிய சீட்டு. எல்லாம் செயலாளர் நஸீஹாவின் கையெழுத்து.

தலைவர் ஹம்மாதி அறிக்கையை எழுந்து நின்று வாசித்தார். முப்பது வருடம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். நாலு பேர் முன்னால் காகிதத்தைப் பிடித்தால் அவருக்கு உட்கார வராது. அந்த வரி வந்தபோது அவர் குரல் தடுமாறவில்லை, வேகம் கூடவில்லை. பாதாம் மிதக்கும் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் நிமிரவில்லை. அவளுக்குக் கோபம் அந்த இடத்தில்தான் பிடித்தது. பொய்யைக்கூட அவளால் விழுங்க முடிந்திருக்கும். ஆனால் அது எவர் தொண்டையிலும் சிக்காமல் தேநீரோடு இறங்கிப்போனதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஸீ ஹம்மாதி," என்று மரியாதையாகவே கூப்பிட்டாள். "இந்த மகளிர் பிரிவுல மொத்தம் எத்தனை பேரு?"

சிரிப்பு எழுந்தது. பொருளாளர் ஃபத்ஹிக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பு வந்தது. கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். கழகத்துக்கு நாற்காலி, குடை, சிமெண்டுச் சட்டி எதுவானாலும் அவன் கடையிலிருந்துதான் வரும்.

"மதாம் நஸீஹா, நீங்க ஒருத்தரே பத்து பேருக்குச் சமம். அதான் பிரிவுன்னு போட்டுட்டோம்."

"அக்டோபர்ல நான் ஊர்லயே இல்ல, ஃபத்ஹி. துனிஸ்ல டீச்சர்ஸ் ட்ரெய்னிங்ல இருந்தேன். மூணு நாள்."

"அட, யாரு உங்களைச் சொன்னா? உங்க பேரு எங்கயாவது இருக்கா, பாருங்க."

"இல்ல. பேரு இல்ல. இந்தக் கழகத்துல பொம்பளைன்னா யாருன்னு ஊர்ல யாருக்குத்தான் தெரியாது?"

ஹம்மாதி கண்ணாடியைக் கழற்றினார். பள்ளிக்கூட நாட்களிலும் கெட்ட செய்தியை இப்படிக் கண்ணாடி இல்லாத கண்களோடுதான் சொல்வார்.

"மதாம், இது கவர்னர் ஆபீசுக்குப் போற காகிதம். தலைவரும் பொருளாளரும் சேர்ந்து ஆசிட் ஊத்தினாங்கன்னு எழுதினா நாளைக்கே கழகத்தைப் பூட்டிடுவாங்க. பெண்கள் வீட்டு ஞாபகத்துல கழுவிட்டாங்கன்னா, சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. யாருக்கும் கெடுதல் இல்ல."

"யாருக்கும் இல்ல," என்று திருப்பிச் சொன்னாள். கேள்வியாகவும் அல்லாமல் ஒப்புதலாகவும் அல்லாமல் அது அறையின் நடுவில் கிடந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

அக்டோபரில் நடந்தது இதுதான். ஊருக்கு மேற்கே, காய்ந்த ஆற்றங்கரையில், மஹ்பூபா என்ற விதவைக்கு ஒரு துண்டு ஒலிவத் தோப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பெருமழையில் கரை இடிந்தபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரு தரை வெளியே வந்தது. ரோமர் காலத்துக் குளியல் வீட்டின் தரை. நகத்தளவு கல் சதுரங்களை ஆயிரக்கணக்கில் பதித்துச் செய்த கடல்: அதில் மீன்கள், ஒரு ஆக்டோபஸ், அதன் கண்ணுக்கு மட்டும் நீலக் கண்ணாடிச் சில்லுகள். தலைநகர் துனிஸின் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி படம் எடுத்துக்கொண்டு, துணி விரித்து மணல் போட்டு மூடி வையுங்கள், நாங்கள் வரும்வரை திறக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூடினார்கள். ஆனால் விருந்தாளி வந்தால் திறந்தார்கள். ஃபிரான்சிலிருந்து மைத்துனர் வந்தாலும், வங்கி மேலாளர் வந்தாலும், ஃபத்ஹியின் சம்பந்தி வீட்டார் வந்தாலும் மணலை ஒதுக்குவார்கள். காய்ந்த தரை மங்கித் தெரியும். புழுதி படிந்த பழைய துணிபோல இருக்கும். அதனால் தோப்புக் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்து வீசுவார்கள். அந்த நொடியில் நிறம் எழும்பும். சிவப்பு சிவப்பாகும், மீனின் வயிறு மஞ்சளாகும். வந்தவர்கள் "யா லதீஃப்" என்று மூச்சை இழுப்பார்கள். அந்த மூச்சுக்காகத்தான் எல்லாம்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு எல்லோரும் இறைத்து இறைத்து, கடல் நிலத்தடியில் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வாளியும் காய்ந்தபின் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உப்பை விட்டுப் போயிற்று. கோடை முடிந்தபோது ஆக்டோபஸின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நஸீஹா துனிஸில் இருந்த மூன்று நாட்களில், ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் வருகிறார் என்று, அந்த வெள்ளையைப் போக்க ஃபத்ஹி கடையிலிருந்து ஒரு கேன் ஆசிட் கொண்டுவந்தான். இந்த ஊரில் எந்த வீட்டுக் குளியலறையிலும் இருக்கும் அதே ஆசிட்தான். ஊற்றியதும் தரை பொங்கி நுரைத்தது. அழுக்குக் கொதித்து வெளியே வருகிறது என்று நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு இன்னொரு கேன் வரவழைத்தார்கள்.

அவள் வேதியியல் ஆசிரியை. சலவைக்கல்லில் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்குச் செய்துகாட்டுபவள். கண்ணாடிக் குவளையில் கல் துண்டு, மேலே நாலு சொட்டு, நுரை, அணையும் மெழுகுவர்த்தி. ஒரு வருடம் ஹம்மாதி அந்த வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து முழுப் பாடத்தையும் பார்த்தார். ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது.

திரும்பி வந்து பார்த்தபோது சுண்ணாம்புக் கற்களெல்லாம் கரைந்து குழிந்திருந்தன. கண்ணாடிச் சில்லுகளை அமிலம் தொடவில்லை. அவை மட்டும் ஈறு தேய்ந்த பற்கள்போலத் துருத்திக்கொண்டிருந்தன. கைபட்டதும் கழன்றன. அவற்றைப் பொறுக்கி ஒரு காலி டூனா மீன் டப்பாவில் போட்டு வைத்தாள். அன்று அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பனிக்கட்டி. அது அவளுக்குத் தெரியும்.

"கடைசி விஷயம்," என்றார் ஹம்மாதி. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. கவர்னரோட ஆளு ஒருத்தர், வெளிநாட்டு அறக்கட்டளையிலேர்ந்து ரெண்டு பேரு, புகைப்படக்காரர். அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா தரைக்கு மேல கூரை, வேலி, ஒரு சின்ன மியூசியம், எல்லாம் வரும். முதல் தரையைக் காட்டினா அழுதுட்டுப் போவாங்க. அதனால..." அவர் அவளைப் பார்த்தார். "அந்த ரெண்டாவது தரை."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. இரண்டாவது தரை இருக்கிறது என்று ஜனவரியில் அவளே கழகக் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். ‘முதல் தரைக்கு அருகில் மற்றொரு அறையின் தரை காணப்பட்டது. அதில் பதித்த ஒரு ஜோடி செருப்பின் உருவம்; வாரின் நிறம் தெரியவில்லை. அன்றே மூடப்பட்டது.’ எத்தனை அடி, எந்தத் திசை என்று எழுதவில்லை. வரைபடத்தைப் பதிவுத் தபாலில் நேரே துனிஸுக்கு அனுப்பிவிட்டாள். ரசீது அவள் பணப்பையில் இருந்தது.

"தண்ணியைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்றான் ஃபத்ஹி. "பாட்டில் தண்ணி, மூணு பெட்டி வாங்கியாச்சு. குழந்தைக்குப் பால் கலக்கற தண்ணி. உப்புன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

"நாளைக்குப் பார்க்கலாம்," என்றாள் நஸீஹா. அறிக்கையை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அப்பா விட்டுப்போன வீடு. அண்ணன்மார் லியோனில் இருக்க, அவளும் நான்கு அறைகளும். நேரே தோப்புக்கு நடந்தாள். வெயில் சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மஹ்பூபா கொத்தமல்லிப் பாத்தியின் வரப்பில் குந்தி, களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்கிய பெண், நஸீஹா சித்தி என்ற பொருளில் ‘காலா’ என்று அழைப்பவள், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

"வா மகளே. முகம் ஏன் இப்படிக் கடைஞ்ச மோர் மாதிரி இருக்கு?"

நஸீஹா அறிக்கையை எடுத்து அந்த வரியைப் படித்துக் காட்டினாள். மஹ்பூபா கிராம்பைத் துப்பினாள்.

"மகளிர் பிரிவுன்னா நானும் சேர்த்தியா?"

"நீங்க மெம்பரே இல்லையே, காலா."

"பாரு, மெம்பர் ஆகாமயே திட்டு வாங்கிட்டேன்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எவ்வளவு துணிச்சல். என் கிணத்துல தண்ணி எடுத்து, என் நிலத்துல ஆசிட் ஊத்திட்டு, துடைச்சவ மேல எழுதியிருக்கான்," என்றாள்.

நஸீஹா அவள் அருகில் உட்கார்ந்தாள். கொத்தமல்லி பூத்திருந்தது, வெள்ளைப் பூ, வாசனை மூக்கில் ஏறியது. ஜனவரியில் மஹ்பூபா ஒரு அத்திக் கன்று நடக் குழி தோண்டினாள். மண்வெட்டி ‘டங்’ என்றது. அவள் ஹம்மாதிக்குச் சொல்லி அனுப்பவில்லை, நஸீஹாவுக்கு அனுப்பினாள். இருவரும் முழங்காலில் நின்று, கையாலும் தூரிகையாலும், ரொட்டித் தட்டு அளவுக்கு மண்ணை விலக்கினார்கள். அதில் கல் சதுரங்களால் பதித்த ஒரு ஜோடி செருப்பு இருந்தது. குளிக்கப் போனவர் கழற்றி விட்டதுபோல, ஒன்று நேராக, ஒன்று சற்றே திரும்பி. கடலும் மீனும் வேறு யாரோ சொல்லிச் செய்தவை. இந்தச் செருப்பு ஒருவருடையது. திரும்பிய செருப்பின் வாரில் ஒரு முடிச்சு இருந்தது, அறுந்ததை முடிந்த முடிச்சு.

புழுதி பூசி எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தது. அந்த வார் என்ன நிறம்? சிவப்பா, கருப்பா?

"எச்சில் தொட்டுத் தேயேன், ஒரு சொட்டுதான்," என்று அன்றைக்கு மஹ்பூபா சொன்னாள். நஸீஹாவின் கட்டைவிரல் வாயருகே போயிற்று. அவள் தன் விரலையே பார்த்தாள். பிறகு அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் முதல் வாளி அவளுடையது. அதை யாரும் சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன், மழை விட்ட மறுநாள், எல்லோரும் கரையில் நின்று அந்தப் புழுதித் தரையை வெறித்துக்கொண்டிருந்தபோது, கிணற்றடிக்கு ஓடி வாளியோடு வந்தவள் அவள். வீசியவளும் அவள். ஆக்டோபஸின் நீலக் கண் திறந்ததும் கத்தியவளும் அவள். வாழ்க்கையில் அவள் கத்தியது மிகக் குறைவு. அந்தக் கிணறு உப்பு என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். அந்தத் தண்ணீரைத்தானே வகுப்பில் காய்ச்சி உப்பு எடுத்துக் காட்டுகிறாள். தெரிந்தது அவள் கையை எட்டவில்லை. பின்னால் வந்த எல்லா வாளிகளும் அவள் கற்றுக்கொடுத்தவை. அக்டோபர் கோபத்தை அவள் ஆறு மாதமாகத் தனியாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள்; அடியில் எப்போதும் இந்த வாளி இருக்கும். அதனாலேயே அவர்களிடம் வாய் திறக்காமல் இருந்தாள். இன்று அந்த வரியைப் படித்தபோது ஒன்று விளங்கியது. தன் குற்றத்தைத் தானே எடுத்துக்கொள்ள அவளுக்குத் தயக்கமில்லை. அவர்கள் குற்றத்தை அவள் தலையில் வைத்து, அதற்கு அவள் மௌனத்தையே சும்மாடாகக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாங்க முடியவில்லை.

"நாளைக்குக் கேப்பாங்க, காலா. ரெண்டாவது எங்கன்னு."

"எனக்குத் தெரியாது. நீதானே நாடாவைப் பிடிச்சு அந்த மரத்துக்கும் இந்த மரத்துக்கும் அளந்தே. நான் பாட்டுக்கு மேல மணலைப் போட்டு, மண்ணைப் போட்டு, தோப்பு முழுக்கக் கொத்தமல்லி விதைச்சுட்டேன். இப்போ என்னையே கேட்டாலும் தெரியாது."

"தோண்டிப் பார்க்கறோம்னு சொன்னா?"

"என் பயிர்ல கை வெச்சா கையிருக்காதுன்னு சொல்லு." மஹ்பூபா இன்னொரு கிராம்பை வாயில் போட்டாள். "நீ சொல்ல வேண்டியது ஒண்ணுதான். மறந்துட்டேன்னு சொல்லிடு. பொம்பளைக்கு அளவெல்லாம் ஞாபகம் இருக்கும்னு அவனுங்க யாரும் எதிர்பார்க்கல. நம்பிடுவாங்க."

நம்பிவிடுவார்கள். அதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. மறந்துவிட்டேன் என்றால் அவள் மீண்டும் அந்த மகளிர் பிரிவாகிவிடுவாள்: கழுவத் தெரியாதவள், அளக்கத் தெரியாதவள். "யோசிக்கறேன்," என்றாள்.

சனிக்கிழமை காலை காற்றில்லாமல் இருந்தது. பத்தேகாலுக்கு இரண்டு கார்கள் கரையோரம் நின்றன. ஹம்மாதி கோட்டும், மல்லிகைச் செண்டுமாக வந்தார். இந்த மாதத்தில் மல்லிகை எங்கிருந்து பிடித்தாரோ, ஊர் ஆண்களின் வழக்கப்படி காதுக்குமேல் செருகியிருந்தார். கவர்னரின் ஆள் செருப்பில் மண் படாமல் நடந்தார். அறக்கட்டளைக்காரர்கள் இருவர், நரைத்த ஆணும் உயரமான பெண்ணும், ஒலிவ மரங்களைத் தடவிப் பார்த்தார்கள். புகைப்படக்காரர் கேமராவை ஏற்கெனவே கண்ணில் வைத்திருந்தார். ஃபத்ஹி மூன்று பெட்டித் தண்ணீரை வரப்பில் இறக்கினான். பிளாஸ்டிக் உறை வெயிலில் மின்னியது. பாத்தியின் மறுகோடியில் மஹ்பூபா மண்வெட்டியை ஊன்றி நின்றாள், காவல் பொம்மைபோல.

"இவங்கதான் எங்க செயலாளர், மதாம் நஸீஹா," என்று ஹம்மாதி அறிமுகப்படுத்தினார். "இந்தத் தோப்போட ஒவ்வொரு கல்லும் இவங்களுக்கு அத்துப்படி. இவங்க இல்லாம கழகமே இல்ல."

அறிக்கையில் இந்த வரி இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உயரமான பெண் கைகுலுக்கினாள். கைகள் உலர்ந்தும் இதமாகவும் இருந்தன. தரையைப் பார்க்க ஆவலாக இருக்கிறது என்றாள். அவள்மேல் நஸீஹாவுக்குக் கோபம் வரவில்லை. பார்க்கும் ஆசை ஒரு குற்றமா? தனக்கு இல்லாததா?

"மதாம்," ஹம்மாதி ஒரு தூரிகையை அவள் கையில் கொடுத்தார். பிறகு ஒரு பாட்டில். "எங்கன்னு காட்டுங்க. ஒரு சாண் அளவு திறந்தா போதும். ரெண்டு நிமிஷம். மறுபடி நீங்களே மூடிடுங்க."

அவள் கொத்தமல்லியைப் பார்த்தாள். மூன்றாவது ஒலிவ மரத்திலிருந்து ஆறு மீட்டர் நாற்பது. கிணற்றடி மரத்திலிருந்து ஒன்பது மீட்டர் பத்து. இரண்டும் சேரும் இடம் அவளுக்கு அங்கே கொடி நட்டதுபோலத் தெரிந்தது. கவர்னரின் ஆள் அதிலிருந்து நாலடி தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம்னுதான் ஒவ்வொரு தடவையும் திறந்தோம், ஸீ ஹம்மாதி."

"அது உப்புத் தண்ணி. இது வேற."

"தண்ணி வேற. ஆளு அதேதான்."

ஃபத்ஹி இருமினான். "மதாம், அக்டோபருக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். தெரியாம நடந்துபோச்சு. எங்கம்மா அப்படித்தான் தரை கழுவுவாங்க, எங்க கடைல அப்படித்தான் கழுவுவோம். நுரை வந்தா சுத்தமாகுதுன்னு அர்த்தம்."

"உங்கமேல எனக்கு அவ்வளவு கோபம் இல்ல, ஃபத்ஹி. நீங்க ஊத்தினீங்க. எழுதினது நீங்க இல்ல."

ஹம்மாதி விருந்தாளிகளிடம் ஒரு நிமிடம் என்று புன்னகைத்துவிட்டு, அவள் முழங்கையைத் தொடாமல், தொட்டதுபோல ஒரு சைகை செய்து, மூன்றடி தள்ளி அழைத்துப் போனார். மல்லிகை வாசனை கூடவே வந்தது. குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். தேர்வு மதிப்பெண்ணில் யாருக்கோ இரண்டு கூட்டச் சொல்லும்போது வரும் குரல். அப்போதும் அவள் கூட்டியதில்லை.

"கோபத்துல ஊருக்கு வர்றதைக் கெடுக்காதீங்க. கூரை வந்தா அது யாருக்கு? இந்தக் கல்லுக்குத்தானே. இது இல்லைன்னா பத்து வருஷத்துல மஹ்பூபாவோட பசங்க இதை வில்லா கட்ட வித்துடுவாங்க. அப்போ உங்க செருப்பு கான்கிரீட்டுக்கு அடியில."

இது உண்மையாக இருக்கலாம். அவள் அதை மறுக்க முயலவில்லை. அப்படி நடந்தால் அந்த நாளும் வரும், அன்றைக்கும் அவள் இங்கே நிற்க வேண்டியிருக்கும்.

"கூரைக்குத் தரையைப் பார்க்கணும்னு இல்ல. துனிஸ்ல என் வரைபடம் இருக்கு. அவங்க வந்து, அவங்க முறைப்படி திறக்கட்டும். அன்னைக்கு இவங்களையும் கூப்பிடுங்க."

"துனிஸ் எப்போ வரும்? நம்ம ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போனப்புறமா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்களில் கெஞ்சல் இருந்தது. அது பொய்யான கெஞ்சல் இல்லை என்பதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. "எனக்கு எழுபத்து நாலு. நான் பார்க்க வேண்டாமா? நீங்க பார்த்தீங்க. நீங்களும் முழுசாப் பார்க்கல. அந்த வார் என்ன நிறம்னு உங்களுக்கு மட்டும் ஆசை இல்லையா?"

இருந்தது. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாளும் இருந்தது. பாட்டில் அவள் கையில் குளிர்ந்திருந்தது. மூடியைத் திருகியபோது உள்ளே பிடித்திருந்த வளையம் ‘க்ளிக்’ என்று விட்டது. அவள் ஒரு மிடறு குடித்தாள். உப்பே இல்லாத, எந்தச் சுவையுமே இல்லாத தண்ணீர். ஒரு மூடியளவு போதும். சிவப்பு சிவப்பாகும்.

"சரி, இதைக் கேளுங்க," என்றார் ஹம்மாதி. அவள் குடித்ததை இணங்கியதாக எடுத்துக்கொண்டிருந்தார். "அறிக்கை இன்னும் கவர்னர் ஆபீசுக்குப் போகல. திங்கட்கிழமைதான் போகுது. அந்த மூணாம் பக்கத்தை நானே மாத்தி அடிக்கறேன். மகளிர் பிரிவு இருக்காது. நான் ஊத்தினேன்னு வேணும்னாலும் எழுதறேன், என் கையெழுத்தோட. உங்க பேருல ஒரு கறை இருக்காது. நீங்க இடத்தைக் காட்டுங்க. அவ்வளவுதான்."

ஆக, உண்மைக்கு ஒரு விலை வைத்திருந்தார். நேற்றுவரை கழகம் பூட்டப்பட்டுவிடும் என்ற காரணத்தால் எழுத முடியாதது, இன்று ஒரு சாண் மண்ணுக்காக எழுத முடிகிறது. அவளுக்குள் எழுந்த கோபம் இந்த முறை சூடாக இல்லை. ஆறு மாதமாகக் கலங்கிக் கிடந்தது அடியில் தங்கி, மேலே தெளிந்துவிட்டதுபோல இருந்தது. அதன் வழியாக அவளால் அடிவரை பார்க்க முடிந்தது. அங்கே அவளுடைய வாளியும் இருந்தது.

தூரத்தில் புகைப்படக்காரர் பொறுமையிழந்து கொத்தமல்லிப் பூவைப் படமெடுக்கத் தொடங்கியிருந்தார். உயரமான பெண் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுகோடியில் மஹ்பூபா, ‘மறந்துட்டேன்னு சொல்லு’ என்பதுபோல நெற்றிப்பொட்டில் விரலைத் தட்டிக் காட்டினாள்.

"இடம் எனக்குத் தெரியும், ஸீ ஹம்மாதி," என்றாள் நஸீஹா. விருந்தாளிகளுக்கும் கேட்கும் அளவுக்குத்தான் சொன்னாள், அதற்குமேல் குரலை உயர்த்தவில்லை. "ஒரு விரல் பிசகாம தெரியும்."

"அப்போ காட்டுங்க."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினாள். வரப்புவரை நடந்து, அதைப் பெட்டியில் அதன் குழியில் நிறுத்தி வைத்தாள். தூரிகையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"மூணாம் பக்கத்துல அந்த வரி அப்படியே இருக்கட்டும்," என்றாள்.